முதலில் எது?

சென்ற கிழமை திருமங்கலத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது. ஒலிபெருக்கியை இறக்கியாயிற்று, கொடிக்கயிற்றைச் சுருட்டியாயிற்று, தேநீர்க் கடையிலே ஆளுக்கொரு குவளை குடித்தும் ஆயிற்று. மதுரைக்குப் பேருந்து வர நேரமிருந்தது. மணி பதினொன்று. கடைகளெல்லாம் கதவடைத்துவிட்டன. நம் படிப்பகத்திலே மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அணைக்க மறந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன். மறக்கவில்லை. உள்ளே ஓர் இளைஞன். எதிரே தலையணைப் பருமனில் ஓர் ஆங்கிலப் புத்தகம். பக்கத்திலே கோடு போட்ட நோட்டு. தந்தை சந்தையிலே மூட்டை சுமப்பவர். மகன் விலங்கியல் பட்டதாரி. பகலெல்லாம் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை, இரவிலே படிப்பு.

"என்ன தம்பி, குரூப் நான்கு தேர்வா?" என்றேன்.

"இல்லண்ணே. நூத்தியெட்டு வண்டியில மருத்துவ உதவியாளர் வேலை. மொதல்ல அது. அப்புறம் மேல்நிலைச் சான்றிதழ்னு ஒரு பரிட்சை இருக்கு. அதையும் எழுதிப் பாஸ் பண்ணணும்."

சொல்லிவிட்டு என்னையே சோதிக்கத் தொடங்கிவிட்டான் அந்தப் பிள்ளை.

"ஒரு கேள்வி கேக்குறேன், சொல்லுங்கண்ணே. நாலுவழிச் சாலையில விபத்து. ஒருத்தர் ரத்தம் கொட்டக் கெடக்காரு. நீங்க வண்டிய விட்டு எறங்குறீங்க. மொதல்ல என்ன செய்வீங்க?"

பதினைந்து ஆண்டுகளாக மேடையிலே பேசுகிறவனல்லவா? கணமும் தயங்காமல் சொன்னேன், "இரத்தத்தை நிறுத்துவேன்" என்று.

சிரித்தான். "தப்புண்ணே! மொதல்ல அந்த எடம் நமக்குப் பாதுகாப்பான்னு பாக்கணும். பின்னால வர்ற லாரி நம்மளையும் அடிச்சுட்டா, காப்பாத்த வந்தவனக் காப்பாத்த இன்னொரு வண்டி வரணுமே!"

பள்ளி இறுதியோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். அந்த இரவிலே இன்னொரு பாடம் படித்தேன். துடிக்கும் நெஞ்சம் மட்டும் போதாது. முதலில் எது, அடுத்து எது என்று அறிந்த மூளையும் வேண்டும். இரக்கம் எல்லோருக்கும் உண்டு. முறை தெரிந்தவன்தான் உயிரைக் காக்கிறான்.

முதலில் எது? இந்த ஒரு கேள்வியைத்தான் அந்தத் தேர்வு நூறு வடிவத்திலே கேட்கிறது. இடம் பாதுகாப்பா? பீறிட்டுக் கொட்டும் இரத்தம் உண்டா? மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா? மூச்சு வருகிறதா? நாடி ஓடுகிறதா? இந்த வரிசையை மாற்றிப் போட்டால் தாளிலே ஒரு மதிப்பெண் போகும். சாலையிலே ஓர் உயிர் போகும்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! திருமங்கலம் என்ன மூலையிலே கிடக்கும் ஊரா? வடக்கே மதுரை, தெற்கே விருதுநகர் வழியே குமரிவரை ஓடும் பெருஞ்சாலை. மேற்கே இராசபாளையம், செங்கோட்டை வழியே கொல்லத்துக்குப் பிரியும் சாலை. உசிலம்பட்டிச் சாலை வேறு. இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகின்றன லாரிகள். அதே சாலையிலேதான் சைக்கிளில் வருகிறார் ஆலைத் தொழிலாளி. தலையிலே புல்லுக்கட்டோடு கடக்கிறார் தாய். அடிபட்டால் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மூளைக்கு உயிர்வளி போகாவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடத்தில் கேடு தொடங்கிவிடுகிறது என்கிறது மருத்துவம். இருபது கிலோமீட்டர் எங்கே? ஆறு நிமிடம் எங்கே? இந்த இரண்டுக்கும் நடுவிலே நிற்பவன் யார்? பெரிய டாக்டரா? அவர் மதுரையிலே இருக்கிறார். ஆண்டவனா? அவனை நம்பிக் காத்திருந்தவர் கதையெல்லாம் நாம் அறிந்ததுதான். நடுவிலே நிற்பவன், வண்டியின் பின்பக்கத்திலே நோயாளியின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞன்தான்!

தமிழகத்திலே இந்த 108 வண்டி ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15-ஆம் நாள். அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு தொடங்கிய நாள் அது. அதற்கு முன்னே ஏழைக்கு ஏது ஆம்புலன்ஸ்? கட்டிலிலே கிடத்தித் தூக்கினார்கள். மாட்டு வண்டியிலே போட்டார்கள். கையிலே காசிருந்தால் வாடகைக் கார் தேடினார்கள். இன்று தமிழகச் சாலைகளிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். காசு கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டமோ, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் என்றது. வண்டி வந்தது, பணமும் வந்தது. வண்டிக்குள்ளே இருப்பவன் என்ன கற்றிருக்கிறான் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

வேலைக்கான அறிவிப்புகளை ஆண்டுதோறும் ஏடுகளிலே பார்க்கிறோம். செவிலியர் படிப்போ, ஆய்வுக்கூடப் பட்டயமோ, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டமோ வேண்டும். எழுத்துத் தேர்வு, உடற்கூற்றிலும் முதலுதவியிலும் நேர்முகம், பிறகு மருத்துவமனையிலும் வண்டியிலுமாக 50 நாள் பயிற்சி. வேலை பகலும் இரவும் மாறி மாறிப் பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேலே உள்ள படிதான் அந்தப் பிள்ளை சொன்ன மேல்நிலைச் சான்றிதழ். இந்திய அளவிலே சுகாதாரத் துறைத் திறன் குழு, இந்தத் தொழிலை அடிப்படை என்றும் மேல்நிலை என்றும் வகுத்திருக்கிறது. அமெரிக்காவிலே 1970-ல் அமைந்த தேசியப் பதிவகம் நான்கு படிகளாக வகுத்திருக்கிறது.

அடிப்படைக்கும் மேல்நிலைக்கும் என்ன வேறுபாடு? பதவிப் பெயரா? சட்டையிலே குத்தும் வில்லையா? இல்லை, தோழர்களே!

ஒருவர் சாலையோரம் கிடக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை, நாக்குக் குழறுகிறது, கை நடுங்குகிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன சொல்வார்கள்? "குடிகாரப் பயல், கிடக்கட்டும்!" என்பார்கள். கிடப்பவர் குடித்தவரல்லர், சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டுக்கொண்டு, மதியம் சாப்பிட நேரமில்லாமல் மூட்டை தூக்கியவர். இரத்தத்திலே சர்க்கரை இறங்கிவிட்டது. அடிப்படை கற்றவன் விரல்நுனியில் ஒரு துளி எடுத்துச் சோதிப்பான். நினைவிருந்தால் இனிப்புக் கொடுப்பான். நினைவே தப்பிவிட்டால்? வாயிலே எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அப்போது கையிலே நரம்பு தேடி, ஊசி ஏற்றி, குளுக்கோசைச் செலுத்தத் தெரிந்தவன் வேண்டும். அவன்தான் மேல்நிலை. சில நிமிடங்களிலே கண் விழித்து, "என் துண்டு எங்கே?" என்று கேட்பார் அந்தப் பாட்டாளி. குடிகாரன் என்று ஊர் கைவிட்டவரைக் கல்வி மீட்டது!

கரிசல் காட்டுக்கு வாருங்கள். கடன் நெருக்கத்திலே ஓர் உழவர் பூச்சிமருந்தைக் குடித்துவிடுகிறார். ஊர் என்ன செய்கிறது? உப்பைக் கரைத்து ஊற்றுகிறது. சாணியைக் கரைத்து ஊற்றுகிறது. வாந்தி மூச்சுக்குழலில் ஏறி, நஞ்சு கொல்வதற்கு முன்னே நம் அறியாமை கொன்றுவிடுகிறது. கற்றவன் கண்ணைப் பார்ப்பான். பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கும். வாயிலே எச்சில் வழியும். மார்பிலே சளி கரகரக்கும். என்ன வகை நஞ்சு என்று புரிந்துகொள்வான். சளியை உறிஞ்சி எடுத்து மூச்சுப் பாதையைக் காப்பான். மருத்துவரின் ஆணைப்படி அட்ரோபின் ஏற்ற ஆயத்தமாவான்.

பாம்புக் கடிக்கு இன்னும் மந்திரிக்கிறவர் உண்டு. இறுகக் கட்டுகிறவர், கீறிவிடுகிறவர், வாய் வைத்து உறிஞ்சுகிறவர் உண்டு. எல்லாம் தவறு. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவதுதான் சரி. பகுத்தறிவு என்று நாம் மேடையிலே முழங்குகிறோமே, அதற்கு இதைவிடச் செயல்முறை விளக்கம் வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் கற்க அந்தப் பிள்ளை ஆயத்தம். தடை எது? அறிவா? இல்லை. உழைப்பா? இரவு பதினொன்றுக்கு விழித்திருக்கிறானே! தடை அந்தத் தலையணைப் புத்தகம். பாடமெல்லாம் ஆங்கிலத்திலே. நோயாளி "நெஞ்சு கரிக்குது" என்பார், "நெஞ்சில கல்ல வச்ச மாதிரி இருக்கு" என்பார், "படபடங்குது" என்பார். மூன்றுக்கும் மூன்று பொருள். தமிழ் தெரிந்தவனுக்குத்தான் புரியும். நோயாளி தமிழிலே துடிக்கிறார். தேர்வு மட்டும் ஆங்கிலத்திலே துடிக்கச் சொல்கிறது!

"தமிழிலே மருத்துவமா? முடியுமா?" என்று மூக்கிலே விரல் வைப்போருக்கு ஒரு வரலாறு சொல்வேன். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்றோர் அமெரிக்க மருத்துவர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே மருத்துவமனை நடத்தினார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரை மருத்துவராக்கினார். 1864 முதல் பாடத்தைத் தமிழிலேயே நடத்தினார். பாடநூல் இல்லையே என்று கைகட்டி உட்காரவில்லை. தமிழ் கற்றார், தமிழ் மாணவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்', உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' என்று நூல்கள் அச்சேறின. கலைச்சொல் தொகுத்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்த ஒருவர் செய்துகாட்டியதை, இன்று இங்கேயே பிறந்தவர் முடியாது என்கிறார்!

அந்தப் பிள்ளையின் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லின் ஒலி, எதிர்ப்பக்கம் தமிழ். 'ஏர்வே' — மூச்சுப் பாதை. 'ஷாக்' — இரத்த ஓட்டத் தளர்ச்சி. 'ஸ்பிளின்ட்' — சிம்பு. மானிப்பாயிலே கிறீன் செய்த அதே வேலையைத் திருமங்கலத்திலே மூட்டை தூக்குபவரின் மகன், யாரும் சொல்லாமலே, தனியாகச் செய்துகொண்டிருந்தான்.

தமிழில் தேர்வு என்று ஒப்புக்குச் செய்தாலும் போதாது. 2018-ல் நீட் தேர்வின் தமிழ்த் தாளிலே நடந்தது நினைவிருக்கிறதா? 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. சிறுத்தை, 'சீத்தா' ஆகிவிட்டது! மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மதிப்பெண் தரச் சொன்னது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. பிழை செய்தது தாள் தயாரித்தவர். தண்டம் கட்டியது தமிழிலே எழுதிய பிள்ளை. ஆகவே, தமிழுக்கு மாற்றிய தாள் வேண்டாம். தமிழிலேயே எண்ணி, தமிழறிந்த மருத்துவர் எழுதிய தாள் வேண்டும். கேட்டால் கிடைக்காது என்று சோர வேண்டாம். மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் என்றிருந்தது. தமிழகம் குரல் கொடுத்தது. தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்துவதாக 2023-ல் அறிவித்தார்கள், 2024-ல் நடத்தினார்கள்.

தேர்வு ஏணியாகவும் இருக்கலாம், வேலியாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஊர் கண்டது. அமெரிக்காவிலே பிட்ஸ்பர்க் என்னும் எஃகு நகரம். அங்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் என்னும் பகுதி. அந்நாளிலே அடிபட்டவரை அள்ளிப்போனவை காவல்துறை வண்டிகள். மருத்துவம் தெரிந்தவர் உள்ளே இல்லை. 1967-ல் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்றோர் ஆம்புலன்ஸ் பணி அரும்பியது. பீட்டர் சாஃபர் என்ற மருத்துவ அறிஞர், வேலையற்றவர் என்றும் எதற்கும் உதவாதவர் என்றும் ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞரை அழைத்து, ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். அவர்களிலே பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அவர்கள்தான் அமெரிக்காவின் முதல் உயர்பயிற்சி பெற்ற அவசர மருத்துவத் தொழிலாளர் வரிசையிலே நின்றார்கள்! பின்னாளில் அந்நாடு முழுவதும் படித்த பாடத்திட்டத்தை எழுதிய மருத்துவர் நான்சி கரோலின், அவர்களோடு வண்டியிலே ஏறி வேலை செய்தவர்.

பிறகு என்ன ஆயிற்று? 1975-ல் நகராட்சி அந்தப் பணியை மூடித் தனதாக்கிக்கொண்டது. புதிய தேர்வுகள் வந்தன. கற்றுக்கொடுத்தவனே தகுதியற்றவனாக்கப்பட்டான். பலர் வெளியேற்றப்பட்டார்கள். மருத்துவமனைக் கடைநிலை ஊழியராகத் தொடங்கிய ஜான் மூன் போன்ற மிகச் சிலர் மட்டும் விடாப்பிடியாக நின்று, அந்நகரப் பணியின் துணைத் தலைமைப் பொறுப்புவரை உயர்ந்தார்கள். சாஃபர் வைத்த பயிற்சி ஏணி. நகராட்சி வைத்த தேர்வு வேலி.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? 2021-ல் இந்திய நாடாளுமன்றம், துணைநிலை மருத்துவத் தொழிலருக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் அதன் பட்டியலிலே உண்டு. நல்லது, வரவேற்போம். தொழிலுக்கு ஒரு மதிப்பு வருகிறது. ஆனால், அந்தச் சட்டம் சொல்லும் படிப்பின் அளவு 2,000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 50 நாள் பயிற்சியோ, நாளெல்லாம் பன்னிரண்டு மணி நேரம் கற்றாலும் 600 மணி நேரம்தான். மீதிக் கணக்கை எங்கே எழுதுவது? பத்தாண்டு, பதினைந்தாண்டு வண்டியிலே உட்கார்ந்து பிள்ளைப்பேறு பார்த்தவர்கள், நின்ற நெஞ்சை அழுத்தி ஓட வைத்தவர்கள், வெயிலிலும் மழையிலும் கற்ற கல்வி கணக்கிலே வராதா? வர வேண்டும். அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்து, மிச்சப் பாடத்தை ஊதியத்தோடு கற்பித்து, அதன்பின் தேர்வு வைக்க வேண்டும். அதுதான் ஏணி. "நேற்றுவரை உழைத்தாய், நன்றி, நாளை தகுதியில்லை, போ!" என்றால், அது பிட்ஸ்பர்க்கின் வேலி.

தமிழகத்திலே அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை நுட்புநர் என ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என இளநிலைப் பட்டமும் உண்டு. வழி இருக்கிறது; அது தெரிய வேண்டியவர் வீட்டுக்குத்தான் தெரியவில்லை. வட்ட மருத்துவமனைகளிலும் செய்முறைப் பயிற்சி வேண்டும். கப்பலூரிலே வேலை செய்துகொண்டே கற்கும்படி மாலை வகுப்பு வேண்டும். இவை அரசிடம் நாம் கேட்க வேண்டியவை.

பக்கத்திலே தோப்பூரைப் பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 சனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழவில்லை, 2022-ல் முதல் மாணவர்கள் இராமநாதபுரத்திலே போய்ப் பாடம் கேட்க நேர்ந்தது. பெரிய கட்டடம் வரட்டும், விரைந்து வரட்டும். ஆனால் மனிதனை உருவாக்க அடிக்கல்லும் வேண்டியதில்லை, பொன்னாடையும் வேண்டியதில்லை. ஒரு விளக்கும், ஒரு பலகையும், விடாமல் சொல்லிக்கொடுக்க ஒருவரும் போதும்.

அங்கேதான், தோழர்களே, நம் முறை வருகிறது. அரசிடம் கேட்பது இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியதிலே முதலில் எது?

படிப்பகம் நாளேடு புரட்டும் இடம் மட்டுமா? முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து அரசியல் கற்ற இயக்கமல்லவா இது? ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்களே, எழுத்தறியாதவரும் உலகறிந்தார்களே, அந்த முறையை மீண்டும் எடுங்கள். இரவிலே இரண்டு மணி நேரம் இந்தத் தேர்வுக்கென ஒதுக்குங்கள். கிழமைக்கு ஒரு நாள், ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரை அழைத்து வாருங்கள். ஒருவர் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். ஒருவர் தமிழிலே சொல்லட்டும். ஒருவர் நோயாளியாகப் படுக்கட்டும். ஒருவர் நாடி பார்க்கட்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவன் சாலையிலே திகைப்பான். கையாலே செய்து பழகியவன் திகைக்க மாட்டான்.

ஆட்டோ ஓட்டும் தோழரும், லாரியிலே போகும் தோழரும், சுமை தூக்கும் தோழரும் பக்கத்திலே உட்காரட்டும். அவர்கள் தேர்வு எழுத வேண்டாம். ஆனால் நெஞ்சை அழுத்தத் தெரியட்டும். மூச்சு நின்றவரின் நடுமார்பிலே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், வண்டி வரும்வரை. மூட்டை தூக்கிய கைகளுக்கு அந்த வலிமை உண்டு. முறை மட்டும்தான் வேண்டும்.

செலவுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? அடுத்த கூட்டத்துக்கு ஒரு வரவேற்பு வளைவு குறையட்டும். என் கழுத்திலே விழும் துண்டுகளிலே பாதி குறையட்டும். அந்தப் பணத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம். பயிற்சிப் பொம்மை ஒன்று வாங்கலாம். துண்டு நாளைக்குக் கந்தலாகும். கருவி உயிர் காக்கும்.

பேருந்து வந்துவிட்டது. எழுந்தேன். "அண்ணே, பாஸ் பண்ணிருவேனா?" என்று கேட்டான் அந்தப் பிள்ளை.

நான் சோதிடனல்ல, சோதிடத்தை நம்புகிறவனும் அல்ல. ஆனால் ஒன்று சொன்னேன்: "தம்பி, நீ தனியாகப் படித்தால் அது உன் தேர்வு. ஊரே உன்னோடு உட்கார்ந்து படித்தால் அது ஊரின் தேர்வு. ஊர் தோற்காது."

சொல்லிவிட்டேன். அது மெய்யாவது என் கையில் இல்லை, தோழர்களே. உங்கள் கையில் இருக்கிறது. கப்பலூர்ச் சாலையிலே என்றோ ஓர் இரவு, இரத்த வெள்ளத்திலே கிடக்கப்போவது யாரோ அல்ல. நம்மில் ஒருவராக இருக்கலாம். அப்போது ஓடி வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, முதலில் எது என்று தெரிந்து, மண்டியிட்டு உட்காரும் அந்தக் கைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய நேரம் அந்த இரவல்ல, இந்த இரவு.

படிப்பகத்தின் விளக்கை அணைத்துவிடாதீர்கள்!